இரு வீட்டிலும் இருக்க வேண்டிய ஏடு



நான் மதுராந்தகத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊரின் பெயரைக் கேட்டதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏரி. அடுத்தபடியாக நினைவுக்கு வருபவர் ஏரி காத்த இராமர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லயனல் பிளேஸ் என்னும் ஆங்கிலேயர் இப்பகுதியில் கலெக்டராக இருந்தார். அடைமழையில் ஏரிக்கரை உடைந்துபோகும் என்று ஊரே அஞ்சிய ஓர் இரவில், வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நிற்பதை அவர் கண்டாராம். கரை உடையவில்லை. அந்த நன்றிக்காகக் கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டுவித்தார் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கூறுவார்கள். சிறுவயதில் என் பாட்டியார் மடியில் இந்தக் கதையைக் கேட்டேன். ஆசிரியனான பின் எத்தனையோ வகுப்புகளில் நானே இதைச் சொன்னேன்.

ஆனால், அந்தக் கரைக்கு ஆண்டுதோறும் மண் சுமந்து கொட்டிய கைகள் யாருடையவை? மடையைத் திறந்தும் அடைத்தும், இருட்டில் வரப்பு வரப்பாக நடந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டி யார்? இவ்வினாக்களை நான் எழுப்பியதும் இல்லை. என் மாணவர்கள் என்னைக் கேட்டதும் இல்லை. அவர்களைப் பற்றி எங்கள் ஊரில் கதை ஒன்றும் வழங்கவில்லை. ஓர் ஊர் எதை நினைவில் வைத்திருக்கிறது என்பது அதன் வரலாற்றில் ஒரு பாதி; எதை மறந்திருக்கிறது என்பது மற்றொரு பாதி.

துன்பமும் வெட்கமும் தரக்கூடிய பழைய செய்திகளை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டுமா? இதுவே இன்று நாம் ஆராயப்போகும் பொருள். இதில் இருவேறு கருத்துக்கள் உண்டு. “போனது போகட்டும், பழையதைக் கிளறினால் பகைதான் வளரும், வருங்காலத்தைப் பாருங்கள்” என்பர் ஒரு சாரார். “பட்ட துன்பத்தை ஒரு கணமும் மறவாதீர்கள், அதைச் செய்தவர்களை மன்னியாதீர்கள்” என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை மிகவும் காலம் தாழ்ந்தே, ஒரு பழைய காகிதத்தின் வாயிலாக, நான் கற்றுக்கொண்டேன்.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், எங்கள் பழைய வீட்டைச் செப்பனிட வேண்டி வந்தது. பரண்மேல் கிடந்த மரப்பெட்டி ஒன்றை இறக்கினோம். வரி ரசீதுகளுக்கும் சாதகக் குறிப்புகளுக்கும் நடுவே முத்திரைத்தாள் ஒன்று இருந்தது. 1880-களில் என் கொள்ளுப்பாட்டனார் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டு அது. மகன் திருமணத்துக்காகச் சில ரூபாய் கடன் வாங்கிய ஒருவர், கடன் தீரும் வரையில் தாமும் தம் மக்களும் எங்கள் நிலத்தில் உழைப்பதாக அதில் ஒப்புக்கொண்டிருந்தார். பணத்துக்கு வட்டி இல்லை. அவர்களுடைய உழைப்பே வட்டி. கடைசியில் எழுதத் தெரியாத அவர் இட்ட கைக்கீறல். எங்கள் குடும்பத்தைக் கண்ணியமான குடும்பம் என்று கேட்டே வளர்ந்தவன் நான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

இதனை ஒரு குடும்பத்தின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். இது செங்கற்பட்டுச் சீமையின் கதை. இங்கே நிலம் காணியாட்சி என்னும் உரிமையால் சில குடும்பங்களுக்கே பரம்பரையாக உரியதாக இருந்தது. அவர்களை மிராசுதார்கள் என்றனர். பயிரிடாமல் கிடந்த தரிசை வேறொருவர் தமக்குத் தருமாறு அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தாலும், “எங்களுக்கே முதலுரிமை” என்று மிராசுதார்கள் தடுக்க முடிந்தது. சேரியில் குடிசை போட்டிருந்த மனையும் மிராசுதாருடையது என்றே கொள்ளப்பட்டது. ஆகவே, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று இந்தியாவில் 1843-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்துவிட்டது. ஆயினும், படியளந்து வேலை வாங்கும் படியாள் முறை, கடன் என்னும் கயிற்றால் கட்டப்பட்டு, அதன் பின்னும் நெடுங்காலம் நின்றது. தாளில் ஒழிந்தது தரையில் ஒழியவில்லை.

இதைக் கண்ணால் கண்டு எழுதி வைத்தவர்களுள் ஒருவர் ஜே. எச். ஏ. டிரமன்ஹீர். இவர் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்தவர். 1891-ஆம் ஆண்டில் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்க மனை இல்லாமை, உழுவதற்குச் சொந்த நிலம் இல்லாமை, படிக்கப் பள்ளி இல்லாமை, சிறு கடனுக்காக உழைப்பையே எழுதிக் கொடுத்துக் கட்டுண்டு கிடக்கும் கொடுமை ஆகியவற்றை அதில் விவரித்தார். அவர் ஒருவர்தாம் இதற்குக் காரணம் என்று எண்ண வேண்டா. சேரி மக்கள் நிலம் கேட்டு விண்ணப்பங்கள் எழுதினர். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்கள் அவர்களுக்குத் துணை நின்றனர். ஒடுக்கப்பட்டோரிடையே தோன்றிய சங்கங்களும் இதழ்களும் குரல் எழுப்பின.

இதன் பயனாக 1892-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் வருவாய்த்துறை ஆணை ஒன்று பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசாங்கத் தரிசு நிலங்களை ஒதுக்கித் தர அது வழி வகுத்தது. இந்நிலங்களே பின்னர்ப் பஞ்சமி நிலங்கள் என்று பெயர் பெற்றன. சென்னை மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு அளிக்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறுவர். பத்து ஆண்டுகள் வரை இந்நிலத்தை யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் அரசாங்கம் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பன நிபந்தனைகள். டிரமன்ஹீர் கேட்டவை அனைத்தும் கிடைக்கவில்லை. கிடைத்த நிலங்களிலும் பல, பிறர் வேண்டாது விட்டவை. இருப்பினும், தலைமுறை தலைமுறையாகப் பிறர் மண்ணில் உழைத்தவர் தமக்கென்று ஒரு துண்டு நிலத்தில் கால் வைத்தார். ஒரு துயரம் உள்ளபடி எழுதப்பட்டதனால் விளைந்த நன்மை இது.

துன்பத்தைப் பிறர் எழுதுவது ஒன்று. பட்டவரே எழுதுவது மற்றொன்று. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் கோயம்புத்தூரில் படித்தபோது, உடன் பயின்றவர்கள் தம் ஊரையும் உறவையும் கேட்டுச் சாதியை அறிந்துகொள்வார்களோ என்று அஞ்சி எவரோடும் விளையாடாமல் ஒதுங்கியே இருந்தார். பள்ளி மணி அடிக்கும் வரையில் வெளியே நின்று புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் உள்ளே செல்வார். பள்ளி முடிந்ததும் விரைந்து வீடு சேர்வார். முதிய வயதில் எழுதி 1939-இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். மாணவர்களே, உங்கள் வயதில் ஒருவர் பள்ளி வாசலில் அப்படித் தனியே நின்றதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அச்சத்தோடு நின்ற அந்தச் சிறுவர் பின்னாளில் என்ன செய்தார்? 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893-இல் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. எந்தப் பெயரைப் பிறர் அறிந்துவிடக் கூடாது என்று இளமையில் நடுங்கினாரோ, அந்தப் பெயரையே இதழின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். புண்ணை மூடி மறைப்பதற்கும், மருத்துவரிடம் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. பின்னர்ச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகி, பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-ஆம் ஆண்டில் நிறைவேறச் செய்தார். 1930-இல் டாக்டர் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றார். 1945-இல் மறைந்தார். தாம் பட்ட துன்பத்தை அவர் மறக்கவும் இல்லை. அதிலேயே மூழ்கிக் கிடக்கவும் இல்லை. பிறர் அதைப் படக்கூடாது என்பதற்குரிய சட்டமாக அதனை மாற்ற முயன்றார்.

1924-இல் பொதுக்கிணறு எல்லார்க்கும் உரியது என்று சட்டமன்றம் கூறியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தன் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டமும் வந்தது. இவற்றையெல்லாம் பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேர்ந்துதான் நான் ஆசிரியனானேன். 1980-களில் நான் முதலில் பணியாற்றிய சிற்றூர்ப் பள்ளியில் தண்ணீர்ப் பானை ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு குவளை. சேரியிலிருந்து வந்த பிள்ளைகள் அந்தக் குவளையைத் தொடுவதில்லை. மற்றொரு பிள்ளை மொண்டு மேலிருந்து ஊற்ற, இரு கைகளையும் குவித்துக் குடிப்பார்கள். அது எனக்குத் தெரியும். புதிதாக வந்தவன், ஊரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஓராண்டு முழுதும் பேசாதிருந்தேன். அடுத்த ஆண்டில்தான் குவளையை எல்லார் கையிலும் கொடுத்தேன். ஊர் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. ஓராண்டுக்கு முன்பே செய்திருந்தாலும் கவிழ்ந்திருக்காது. அந்த ஓராண்டில் கையைக் குவித்துக் குடித்த பிள்ளைகளுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. “பழைய கதை” என்று நாம் ஒதுக்குவது நாம் எண்ணுவதைவிடப் புதியதாகவே இருக்கும்.

மறதியினால் விளையும் கேட்டையும் இங்கே சொல்ல வேண்டும். பஞ்சமி நிலங்கள் என்னவாயின? பல, கடனுக்கு ஈடாகிக் கைமாறின. பல, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பெற்ற கைரேகையால் கைமாறின. நில ஆவணங்கள் பின்னாளில் புதுப்பிக்கப்பட்டபோது, நிபந்தனைக்குட்பட்ட நிலம் என்ற குறிப்பே சில இடங்களில் விடுபட்டுப்போயிற்று. தம் முன்னோர்க்கு நிலம் ஏன் அளிக்கப்பட்டது, எந்த நிபந்தனையோடு அளிக்கப்பட்டது என்பதைப் பேரப்பிள்ளைகள் அறியாமற்போன இடத்தில் நிலமும் போயிற்று. இம்மாவட்டத்துக் காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தைக் கேட்டு 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் ஊர்வலம் சென்றவர்கள்மீது போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். இளைஞர் இருவர் உயிர் துறந்தனர். அதன் பின்னரே பஞ்சமி நிலம் என்ற சொல் தமிழகம் முழுவதும் மீண்டும் பேசப்படலாயிற்று. நூறாண்டுக்கு முந்திய ஆணை ஒன்றை நாட்டுக்கு நினைவூட்ட இரண்டு உயிர்கள் வேண்டியிருந்தன. மறதியின் விலை சிறிதன்று.

இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்வின் ஒரு பகுதியைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகக் கழித்தார். அந்நாட்டின் கதையும் நமக்குப் பாடமாகும். அங்கே 1913-இல் பிறந்த நிலச் சட்டம், நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டும் கறுப்பு மக்களுக்கென்று ஒதுக்கியது. நிறவெறி ஆட்சி 1994-இல் முடிந்தது. புதிய அரசாங்கம் அதே ஆண்டில் மற்றொரு சட்டம் செய்தது. 1913-க்குப் பின் இன வேறுபாட்டுச் சட்டங்களால் நிலத்தை இழந்தவரோ அவர் வழிவந்தவரோ அதனைத் திரும்பக் கேட்கலாம் என்றது அச்சட்டம். ஆயர் டெஸ்மண்டு டூட்டுவின் தலைமையில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையம் ஒன்று அமைந்து, 1996-இல் மக்களின் வாக்குமூலங்களைக் கேட்கத் தொடங்கியது. துன்புற்றவர்கள் 21,000-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை அளித்தனர். துன்பம் இழைத்தவர்களும் வந்து பேச வேண்டும். செய்ததை ஒளிக்காமல் சொன்னால்தான் மன்னிப்பு என்பது அங்கே விதி. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. நில வழக்குகள் பல இன்றும் தீரவில்லை. ஆயினும் ஒன்றை அவர்கள் உணர்ந்திருந்தனர்: அடிபட்டவர் மட்டும் நினைத்துக்கொண்டிருந்து, அடித்தவர் மறந்துவிட்டால், அந்த நாட்டில் இருவரும் ஒன்றாக வாழ முடியாது.

இனி, அந்த முத்திரைத்தாளுக்கு வருகிறேன். அதைத் தீயிலிட்டுவிடும்படி உறவினர் சிலர் அறிவுரை கூறினர். எனக்கு மனம் ஒப்பவில்லை. சீட்டில் கண்ட மக்களுள் ஒருவரின் பெயர், என் தந்தையார் வாயால் நான் கேட்டிருந்த பெயர். அவருடைய பேரர் இதே வட்டாரத்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்; என்னைவிட மூத்தவர். ஒரு நாள் காலையில் தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். “ஐயா, இது உங்களுக்கு உரியது. எங்கள் வீட்டில் இருந்தது. இதைக் கொண்டுவர எனக்கு வெட்கமாக இருக்கிறது” என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்; அதற்கு ஆயத்தமாகவே போயிருந்தேன்.

“சார், எங்கள் தாத்தாவுக்கு அப்பன் பெயர் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்குத்தான் தெரிந்தது” என்றார் அவர். பிறகு தம் பேத்தியை அழைத்து, அந்தப் பெயரை உரக்கப் படிக்கச் சொன்னார். அப்பெண் பொறியியற் கல்லூரி மாணவி. அவள் படித்தாள். ஒருமுறை படித்தபின், தானாகவே மறுமுறையும் படித்தாள்.

நான் விடைபெறும்போது அவர் ஒன்று சொன்னார். “இதற்கு ஒரு நகல் எடுத்து உங்கள் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள், சார். எங்கள் வீட்டில் மட்டும் இருந்தால் இது எங்கள் அழுகையோடு நின்றுவிடும். உங்கள் பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும்.” நாற்பது ஆண்டுகளாகப் பிறருக்குப் பாடம் சொன்னவன் அன்று பாடம் கேட்டுக்கொண்டு வந்தேன். இப்போது அந்தச் சீட்டு அவர் வீட்டில் இருக்கிறது. நகல் என் வீட்டில் இருக்கிறது.

நான் முதலில் குறிப்பிட்ட மூன்றாவது வழி இதுவே. துன்பத்தின் ஏடு துன்புற்றவர் வீட்டில் மட்டும் இருந்தால் அது ஆறாத புண்ணாகிறது. எங்குமே இல்லாவிட்டால் அதே தவறு வேறு பெயரில் திரும்பி வருகிறது. இரு வீட்டிலும் இருந்தால்தான் இரு வீட்டாரும் அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேச முடியும். அப்படிப் பேசத் தொடங்கிய பின்னரே, இனிச் செய்ய வேண்டுவது இன்னது என்ற எண்ணம் பிறக்கிறது.

இதில் உங்கள் பங்கு என்ன? பெரிய செயல் ஒன்றையும் நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலுள்ள மிக முதிய பெரியவரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் சிறுவயதில் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார், எந்தத் தெருவில் நடக்கத் தயங்கினார், அல்லது யாரைத் தம் தெருவில் நடக்கவிடவில்லை என்று கேளுங்கள். சொல்வதை ஆண்டோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். நிலப் பத்திரங்களையும் பட்டாவையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்; படிக்கத் தெரியாத முதியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் முன்னோர் துன்புற்றவர்களானால் அதில் உங்களுக்கு இழிவு ஒன்றும் இல்லை. அவர்கள் துன்பம் செய்தவர்களானால், அதைச் செய்தவர் நீங்கள் அல்லர். ஆனால், அதை அறிந்திருக்கும் கடமை உங்களுடையது. கேட்டபின் நண்பர்களோடு பரிமாறிக்கொள்ளுங்கள்; குறிப்பாக, மற்றத் தெருவில் வாழும் நண்பனோடு.

எங்கள் ஊர் ஏரி சென்ற பருவத்து மழையைத் தேக்கி வைக்கிறது. கரை பழுதாயிருந்தால் அந்த நீரே ஊரை அழித்துவிடும். தேக்காமல் விட்டுவிட்டால் வயல் காய்ந்துவிடும். கரையைக் காத்து, மடையை வேண்டும் அளவு திறந்தால், போன மழை வரும் அறுவடையாகிறது. அந்தக் கரையைக் காக்கும் வேலையில் இராமருக்குத் துணையாக, பெயர் தெரியாத பலர் மண் சுமந்தனர். அவர்களுள் ஒருவரின் பெயர் எனக்கு இப்போது தெரியும். உங்கள் ஊரில் அப்படி மறைந்து கிடக்கும் பெயர்களை நீங்கள் தேடிக் கண்டெடுப்பீர்களாக.